எருமைக் காதில் ஆறாத புண்: பவுடர் மட்டும் போதாது

கேள்வி: புழல் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். இரண்டு முர்ரா எருமை, ஒரு கலப்பினப் பசு, என் கொழுந்தனார் வளர்க்கும் ஒரு நாட்டுக் காளை இருக்கின்றன. பெரிய எருமைக்குப் போன வருஷம் மழைக்காலத்தில் இடது காதின் உள்பக்கம் ஒரு புண் வந்தது. மருந்துக்கடையில் கொடுத்த பவுடர், ஊதா ஸ்பிரே, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த பற்று எல்லாம் போட்டாயிற்று. பங்குனி, சித்திரையில் ஆறுவது போல இருந்தது. இப்போது மறுபடி கிளம்பி, காதே தடித்துத் தொங்குகிறது. எந்நேரமும் கம்பத்தில் போய்த் தேய்க்கிறது. காளைக்கும் திமிலின் பக்கத்தில் ஒரு புண். காக்காய் கொத்திக் கொத்தி ரத்தம் வருகிறது. வீட்டுக்காரர் பழைய இன்ஜின் ஆயில் தடவலாம் என்கிறார். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், 'இது மாட்டுக் குஷ்டம், வந்த விலைக்குத் தள்ளிவிடு' என்கிறார். எருமை ஏழு மாதச் சினை. வேளைக்கு ஒரு லிட்டர்தான் கறக்கிறது. தெருவில் சில வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறோம். இந்தப் பாலைக் கொடுக்கலாமா? பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

பதில்: வணக்கம் அம்மா. கடைசியாகக் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அதிகக் கவலை அதில்தான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. இது குஷ்டம் இல்லை. நீங்கள் எழுதியிருப்பது நான் நினைக்கும் நோயாக இருந்தால், தொட்டாலும் பிள்ளைகளுக்கு ஒட்டாது, பால் வழியாகவும் வராது. காதில் புண் இருப்பதற்காகப் பாலைக் கீழே கொட்ட வேண்டாம், வழக்கம்போல் காய்ச்சிக் குடிக்கலாம். ஆனால் ஊசி மருந்து தொடங்கிவிட்டால் கதை வேறு. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், அந்தப் பகுதியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எருமையை விற்கவும் வேண்டாம். நல்ல சினை எருமையை ஒரு காதுப் புண்ணைக் காட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்க எப்போதும் ஆள் இருக்கிறது.

எருமையின் காதுக்குள் மழைக்காலத்தில் கிளம்பி, கோடையில் அடங்கி, அடுத்த மழைக்கு மறுபடி கிளம்பும் புண் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டெபனோபைலேரியா என்ற நுண்புழுவைத்தான். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் இதன் உறவுக்காரப் புழு சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. யானைக்கால் நோயை உண்டாக்கும் பைலேரியா புழுவும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அதைக் கொசு பரப்புகிறது, இதை ஈ பரப்புகிறது. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் ரத்தத்தில் ஓடுவதால் ராத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இந்தப் புழு ரத்தத்துக்குப் போவதில்லை. தாய்ப்புழுவும் குஞ்சும் புண் இருக்கும் தோலுக்குள்ளேயே குடியிருக்கும். அதனால் ரத்தப் பரிசோதனையில் 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அதை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

வளர்ந்த புழுவே சில மில்லிமீட்டர் நீளம்தான். மெல்லிய வெள்ளை நூல் போல, முடி முளைக்கும் வேர்ப்பகுதியை ஒட்டி உட்கார்ந்திருக்கும். வெறும் கண்ணால் புண்ணைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். புண்ணில் வெள்ளையாகத் தடித்த புழு நெளிவது கண்ணுக்குத் தெரிந்தால் அது ஈ முட்டையிட்டு வந்த புழு, வேறு நோய், வேறு வைத்தியம். அதை ஒரு வாரத்தில் ஆற்றிவிடலாம். உங்கள் எருமையின் புண்ணில் கண்ணுக்குப் புழு தெரியாததால், 'புழு வைக்கவில்லை, பவுடர் போதும்' என்று மருந்துக்கடையில் சொல்லியிருப்பார்கள்.

நோய் சுற்றி வரும் விதத்தைப் புரிந்துகொண்டால் சிகிச்சை பாதி புரிந்துவிடும். புண்ணில் கசியும் நீரைக் குடிக்க ஈ வந்து உட்காருகிறது. நீரோடு சேர்த்துப் புழுவின் குஞ்சுகளையும் உறிஞ்சிக்கொள்கிறது. இரண்டு மூன்று வாரம் ஈயின் உடம்புக்குள் வளர்ந்த குஞ்சு, அந்த ஈ அடுத்த முறை ஒரு மாட்டின் தோலில் உட்காரும்போது அங்கே இறங்கிக்கொள்கிறது. கொஞ்ச நாளில் அங்கே சிறு சிறு கொப்புளம், கசிவு, முடி உதிர்வு. அரிப்பு தாங்காமல் மாடு தேய்க்கிறது. தேய்த்த இடத்தில் மறுபடி கசிவு, அந்தக் கசிவுக்கு மறுபடி ஈ. மாதக்கணக்கில் இப்படியே போனால் தோல் யானைத் தோல் போலத் தடித்துப் பொருக்கு ஏறும். உங்கள் எருமையின் காது தொங்குவதற்கு இந்தத் தடிப்பும் கனமும்தான் காரணம்.

மாட்டுத் திமிலில் வரும் இந்த வகைப் புழுவை 1936-ல் அசாமில் பாண்டே என்ற ஆய்வாளர் விவரித்தார். எருமைக் காதில் வருவது அதன் இன்னொரு இனம், 1958-ல் பெயரிடப்பட்டது. இந்தோனேசியாவிலும் மாடுகளுக்கு இந்த வகைப் புழுவால் புண் வருகிறது, அங்கே அதைக் காஸ்காடோ என்கிறார்கள். ஆகவே இது உங்கள் கொட்டகைக்கு மட்டும் வந்த சாபம் இல்லை அம்மா. ஈயும் ஈரமும் கால்நடையும் சேர்ந்திருக்கும் ஊர்களிலெல்லாம் உள்ள நோய்.

காளையின் திமில் புண்ணை மட்டும் தனியாக யோசிக்க வேண்டும். திமில் புண் என்பது அசாம், வங்காளம், ஒடிசா பக்கம் மிகவும் பரவலான நோய். நம் பக்கத்தில் காளையின் திமிலை ஒட்டிப் புண் வந்தால் நுகத்தடி அழுத்தியதா, கயிறு உராய்ந்ததா, உண்ணி கடித்த இடமா என்று முதலில் பார்ப்போம். எருமைக்கு இருப்பதுதான் காளைக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல் இரண்டு புண்ணிலும் தனித்தனியாகச் சுரண்டி எடுத்துப் பாருங்கள். கலப்பினப் பசுவின் உடம்பெல்லாம் காய்ச்சலோடு கட்டி கட்டியாக எழும்பினால் அது தோல் கழலை நோய். வைரஸால் வருவது, இதோடு எந்தச் சம்பந்தமும் இல்லை; தடுப்பூசி உண்டு. வட்ட வட்டமாகச் சாம்பல் பூத்தது போல முடி கொட்டினால் படர்தாமரை, அதற்குப் புழு மருந்து கேட்காது.

இன்னொன்று கேட்க வேண்டும். எருமையின் மஞ்சள் காதுத் தோடு, பன்னிரண்டு இலக்க எண் போட்டது, எந்தக் காதில் இருக்கிறது? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. இடது காதில் என்றால், தோடு குத்திய ஓட்டை சரியாக ஆறாமல் கசிந்துகொண்டிருந்து, அந்தக் கசிவுக்கு வந்த ஈதான் புழுவைக் கொண்டுவந்து விட்டிருக்க வாய்ப்பு அதிகம். தோடு புண்ணுக்குள் மாட்டிக்கொண்டிருந்தால் நீங்களே வெட்டி எறிந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி எடுத்துவிட்டு, எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, புண் ஆறியபின் மறு காதில் போட்டுக்கொள்ளலாம்.

சரி, பரிசோதனை. ஏழு மாதச் சினை எருமையை மினி லாரியில் ஏற்றி வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி வரை கொண்டுபோக வேண்டாம். 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். இல்லையென்றால் உங்கள் பகுதி அரசுக் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். வருகிற மருத்துவரிடம் 'காதுப் புண்ணிலிருந்து ஆழமாகச் சுரண்டி எடுத்துப் பாருங்கள் டாக்டர், பைலேரியா சந்தேகம்' என்று நீங்களே கேட்கலாம், அதில் தயக்கம் வேண்டாம். அவர் வருவதற்கு முந்தைய இரண்டு நாள் பவுடர், எண்ணெய், பற்று எதுவும் போடாதீர்கள், மாதிரி கெட்டுவிடும்.

அவர் செய்யப்போவது இதுதான், தெரிந்திருந்தால் எருமையைப் பிடிக்க உங்களுக்கும் வசதி. பொருக்கை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எடுத்துவிட்டு, புண்ணின் நடுவில் அல்ல, அதன் ஓரத்தில், நல்ல தோலும் கெட்ட தோலும் சேரும் வரம்பில், மழுங்கிய பிளேடால் ரத்தம் லேசாகத் துளிர்க்கும் வரை சுரண்டுவார். மேலோட்டமாகச் சுரண்டினால் பொருக்கும் அழுக்கும்தான் வரும், புழு வராது. சுரண்டியதைக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு உப்பு நீரோடு கலந்து, சூடு ஆறுவதற்குள் நுண்ணோக்கியில் பார்த்தால் குஞ்சுகள் துடித்து நெளிவது தெரியும். அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் சந்தேகமே இல்லை. பழைய, மிகவும் தடித்த புண்ணில் சில சமயம் குஞ்சு கிடைக்காது. அப்போது ஒரு சிறு துண்டுத் தோலை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். காளை நடமாடக்கூடியது என்பதால் அதை வேண்டுமானால் நேராக வேப்பேரிக்கே கொண்டுபோகலாம். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது; பெரிய மாடுகளுக்கான புறநோயாளிப் பிரிவும் ஆய்வகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

மருந்து என்று வந்தால் இன்று முதலில் நினைவுக்கு வருவது ஐவர்மெக்டின். ஜப்பானில் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிர் தரும் பொருளிலிருந்து வந்தது. சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்ப்பெல்லும் இதற்காக 2015-ல் நோபல் பரிசு பெற்றார்கள். கால்நடைக்கென்று வந்த மருந்து, பின்னால் கோடிக்கணக்கான மனிதர்களைப் பைலேரியா வகை நோய்களிலிருந்து காப்பாற்றியது. மாட்டுக்கு இது தோலுக்கடியில் போடும் ஊசி, உடல் எடையில் 50 கிலோவுக்கு 1 மில்லி என்பது வழக்கமான அளவு. சதைக்குள்ளோ ரத்தக்குழாயிலோ போடக்கூடாது. குஞ்சுப் புழுவை இது நன்றாகக் கொல்லும், தாய்ப்புழுவிடம் அவ்வளவு வேகம் காட்டாது. அதனால்தான் ஒரு ஊசியோடு நிறுத்தாமல் இடைவெளி விட்டு மறுபடி போடச் சொல்கிறோம். ஒரு ஊசி போட்டுப் பத்து நாளில் புண் காய்ந்ததும் 'ஆறிவிட்டது' என்று விட்டுவிட்டால், அடுத்த மழைக்குப் பழைய கதைதான்.

எடையைக் கண்ணால் மதிப்பிடும்போது பெரும்பாலும் தப்பாகப் போகும். தையல்காரர் டேப் ஒன்று போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். தோள்பட்டை முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை நீளத்தை அளந்துகொள்ளுங்கள். நெஞ்சளவை நெஞ்சளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வந்துவிடும். நெஞ்சளவு 66, நீளம் 56 என்றால் ஏறத்தாழ 370 கிலோ. மருந்து சுமார் ஏழரை மில்லி. காளைக்கு இந்தக் கணக்கைப் போட்டு வைத்திருந்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். சினை எருமைக்கு வயிறு தள்ளியிருந்தாலும் நெஞ்சளவு ஓரளவு சரியாகவே சொல்லும்.

இனி பால் விஷயம். ஐவர்மெக்டின் கொழுப்பில் கரையும் மருந்து. எருமைப் பாலில்தான் கொழுப்பு அதிகம். ஊசி போட்டபின் வாரக்கணக்கில் பாலில் இறங்கிக்கொண்டே இருக்கும், காய்ச்சினால் போகாது. மனிதர் குடிக்கும் பாலைக் கறக்கும் மாட்டுக்கு இதைப் போடக்கூடாது என்று மருந்தோடு வரும் விவரச் சீட்டிலேயே எழுதியிருக்கும். ஆனாலும் சாயங்காலம் ஊசி போட்டு மறுநாள் காலை அதே பாலைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஊற்றுவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்கு இதில் சமாதானமே கிடையாது. உங்களை நம்பித் தூக்கு வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு அந்தப் பாலைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் எருமைக்கு நல்ல வேளையாக ஒரு வழி இருக்கிறது. எருமையின் சினைக்காலம் சுமார் 310 நாள். ஏழு மாதம் என்றால் கன்று ஈன இன்னும் நூறு நாள் போல இருக்கிறது. வேளைக்கு ஒரு லிட்டருக்காக இழுத்துக்கொண்டே போவதைவிட இப்போதே கறவையை நிறுத்திவிடுங்கள். வயிற்றுக் கன்றுக்கும் அது நல்லது, அடுத்த ஈற்றுப் பாலுக்கும் நல்லது. புண்ணாக்கு, கலப்புத் தீவனத்தைச் சில நாள் குறைத்து, வைக்கோலும் பசும்புல்லும் கொடுத்து, கறப்பதை நிறுத்தினால் இவ்வளவு குறைந்த பால் தானாக வற்றிவிடும். மடி சூடாகவோ கல் போலவோ ஆனால் உடனே காட்டுங்கள். பால் நின்றதும் முதல் ஊசி, இரண்டு அல்லது மூன்று வாரம் விட்டு மருத்துவர் பார்த்து இரண்டாவது ஊசி. கடைசி ஊசிக்கும் கன்று ஈனுவதற்கும் நடுவே இரண்டு மாதமாவது இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் உங்களுக்கு நாள் சரியாக இருக்கிறது, ஆனால் தள்ளிப்போட இடமில்லை. இன்னும் ஒரு மாதம் கறந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டால் அந்த வாசல் அடைபட்டுவிடும். சினை பார்த்த தேதியை மருத்துவரிடம் காட்டி அவரையே நாளைக் குறிக்கச் சொல்லுங்கள். காளைக்குப் பால் கவலை இல்லை, புழு என்று உறுதியானால் உடனே போடலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். புண்ணின் வீக்கம் உடனே வடிய வேண்டும் என்று தெருவில் வரும் ஊசிக்காரர்கள் சிலர் ஸ்டீராய்டு போட்டுவிடுவார்கள். மறுநாளே வீக்கம் குறையும், ஆளும் கைராசிக்காரர் ஆகிவிடுவார். ஏழு மாதச் சினையில் ஸ்டீராய்டு ஊசி கன்றை வீசிவிடச் செய்யும். பட்டம் பெற்ற கால்நடை மருத்துவர் தவிர யாரிடமும் எருமைக்கு ஊசி வேண்டாம்.

மற்ற எருமைக்கும் பசுவுக்கும் 'இருக்கட்டும்' என்று சேர்த்து ஊசி போடத் தேவையில்லை. புண் இல்லாத மாட்டுக்கு அது வீண், பாலும் கெடும். போதாததற்குச் சாணத்தில் வெளியேறும் மருந்து, சாணத்தை உருட்டி மண்ணில் புதைக்கும் வண்டுகளையும் கொல்லும். வாரம் ஒரு முறை அவற்றின் காதை விரித்து உள்பக்கம் பாருங்கள், அது போதும்.

புண்ணுக்கு மேலே என்ன போடுவது? முதல் வேலை பொருக்கை எடுப்பது. சுற்றியுள்ள முடியைக் கத்தரித்துவிட்டு, வெளிர் இளஞ்சிவப்பாகத் தெரியும் அளவு பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துக் காதில் பத்து நிமிடம் வைத்திருங்கள். தண்ணீர் காதுத் துளைக்குள் இறங்காமல் பஞ்சு அடைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். ஊறிய பொருக்கு தானாகக் கழன்று வரும். வராததைப் பிய்க்காதீர்கள், மறுநாள் வரும். நன்றாக ஒற்றி உலர்த்தியபின் மருத்துவர் எழுதித்தரும் களிம்பு. உங்கள் மாமியார் காலத்து மருந்தும் இங்கே கைகொடுக்கும். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, பூண்டு, மஞ்சள் இவற்றை அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவைத்த எண்ணெயைத் தடவினால் மேல்தோல் ஆறவும் ஈ அண்டாமல் இருக்கவும் உதவும். ஆனால் தோலுக்கு உள்ளே இருக்கும் புழுவை அது எட்டாது. நீங்கள் போட்ட பற்று பங்குனியில் வேலை செய்தது போலத் தெரிந்ததற்குக் காரணம் பற்று இல்லை, கோடையில் ஈ குறைந்ததுதான்.

இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஓடித் தேய்ந்த ஆயிலில் ஈயம் போன்ற உலோகங்கள் கலந்திருக்கும். காதில் தடவினால் பக்கத்து மாடு நக்கும், தடவிய இடம் வெந்து புண் பெரிதாகும். மண்ணெண்ணெய், கலக்காத பினாயில், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து, பேட்டரிக்குள் இருக்கும் கறுப்புத் தூள் இவற்றுக்கும் இதே பதில். ஒரு காலத்தில் ட்ரைகுளோர்போன் என்ற மருந்தைக் களிம்பாக்கி இந்தப் புண்ணுக்குப் போட்டோம், குணமும் தெரிந்தது. ஆனால் அது பூச்சிமருந்து வகையைச் சேர்ந்தது, அளவு கூடினால் மாடு எச்சில் வடித்து நடுங்க ஆரம்பிக்கும். சினை மாட்டுக்கு நான் அதை எழுத மாட்டேன்.

இவ்வளவும் செய்துவிட்டு ஈயை விட்டுவிட்டால் எல்லாம் தண்ணீரில் போட்ட பணம். என் கருத்தில் இந்த நோய்க்கு ஊசி பாதி வைத்தியம், ஈ மறு பாதி. சென்னையில் மாடு வளர்ப்பவர்களுக்கு அந்த மறு பாதிதான் கஷ்டம், எனக்குத் தெரியும். இரண்டு வீட்டுக்கு நடுவில் எட்டடிச் சந்தில் கொட்டகை, சாணம் போட இடமில்லை, பின்பக்கம் மழைநீர்க் கால்வாய்.

வெயில் காலத்தில் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் ஈயாகிவிடும். சாணம் ஈரமாகக் குவியலாகக் கிடந்தால்தான் அதற்கு வாழ்வு. வரட்டி தட்டி வெயிலில் காயவைப்பவர்கள் தெரியாமலே ஈயை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். மெல்லிசாகக் காய்ந்த சாணத்தில் ஈப்புழு பிழைக்காது. இப்போது வரட்டி வாங்க ஆளில்லை என்பீர்கள். பரவாயில்லை, தினமும் அள்ளிய சாணத்தை ஒரே இடத்தில் குவித்து, தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடி, ஓரத்தில் செங்கல் வையுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் புழு வெந்துவிடும், உரமும் நன்றாக மக்கும். மாடித்தோட்டம் போடுகிறவர்கள் அதை ஆவலாக வாங்கிப் போவார்கள். சாணத்தைவிடப் பலர் கவனிக்காதது மூத்திரத்தில் ஊறிய வைக்கோல். கொட்டகையின் மூலையில், தொட்டிக்கு அடியில் மிதிபட்டுக் கறுத்துக் கிடக்கும் அதைக் கைவிரலால் கிளறிப் பாருங்கள், ஈப்புழு கொத்தாக இருக்கும். கோயம்பேட்டிலிருந்து முட்டைக்கோஸ் இலையும் பழக்கழிவும் வாங்கிப் போடுகிறீர்கள் என்றால் மாடு தின்று மிஞ்சியதை அன்றைக்கே அகற்றிவிடுங்கள்.

கொட்டகையில் ஒரு பழைய மின்விசிறி மாட்டினால் பெரிய வித்தியாசம் தெரியும். ஓடும் காற்றில் ஈயால் நிலையாக உட்கார முடியாது, எருமைக்கு வெக்கையும் குறையும். ஒயரை மாடு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். எருமைக்குச் சேறுதான் இயற்கை தந்த ஈ மருந்து. சேற்றில் புரண்டு உடம்பெல்லாம் காய்ந்த மண் பூசிக்கொண்ட எருமையிடம் ஈ தோற்றுவிடும். சந்துக்குள் நிற்கும் எருமைக்கு அந்தச் சுகம் இல்லாததால்தான் இந்த நோய் அதிகம் பிடிக்கிறது என்று எனக்குத் தோன்றும். காலை, மாலை இரண்டு வேளை தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுங்கள், ஆனால் மருந்து போட்ட காதை நனைக்காமல். பொழுது சாயும்போது வேப்பிலை, நொச்சி புகை போடலாம். கண் எரியும் அளவுக்கு வேண்டாம்.

கடைகளில் விற்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்தைக் கலந்து மாட்டின் மேல் தெளிப்பதாக இருந்தால் புட்டியில் எழுதியுள்ள அளவை மீறாதீர்கள், புண்ணின் மேலும் தீவனத் தொட்டியிலும் படவே கூடாது. இவை மீனுக்குக் கொடிய விஷம். நீங்கள் இருப்பது புழல் ஏரிக்குப் பக்கத்தில், அது ஊருக்கே குடிநீர். மருந்து தெளித்த மாட்டை ஏரியில் இறக்காதீர்கள், கழுவிய தண்ணீரைக் கால்வாயிலும் விடாதீர்கள்.

காளையின் திமிலுக்குத் தனியாக ஒரு சொல். காக்காய் கொத்தும் வரை எந்த மருந்தும் அங்கே ஆறாது. பகலில் கூரைக்கு அடியில் கட்டுங்கள், அல்லது புண்ணை மூடும்படி மெல்லிய பருத்தித் துணியைத் திமிலோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, தினமும் மாற்றுங்கள். கோணிப்பை கட்டாதீர்கள், அது உராயும். எருமை தேய்க்கும் கம்பத்திலும் ஆணியோ கம்பியோ நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேலே பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிடுங்கள்.

ஐப்பசி மழை தொடங்குமுன் இதையெல்லாம் ஆரம்பித்துவிட்டால் இரண்டாவது ஊசிக்குப் பிறகு கசிவு நின்று, பொருக்கு விழுந்து, ஓரத்திலிருந்து தோல் சேர்ந்து வருவது தெரியும். முடி முளைக்க மாதக்கணக்கு ஆகும். தடித்த தோல் முழுதாகப் பழைய மாதிரி ஆகாமலும் போகலாம், அதனால் எருமைக்குக் கேடு இல்லை. இரண்டு மாதம் கழிந்தும் புண் பெரிதாகிக்கொண்டே போனாலோ, நடுவில் பூக்கோசு போல சதை வளர்ந்து தொட்டாலே ரத்தம் வந்தாலோ, ஊசியை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருக்காதீர்கள். அது புற்றாகவும் இருக்கலாம். அப்போது ஒரு துண்டுத் தோலை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். காதில் வருவதை ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்துவிட்டால் எருமை பிழைத்துக்கொள்ளும்.